பழைய காரின் மிஸ்ஸிங்: செக் லைட் சொல்வதும் சொல்லாததும்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் காரை மூன்று பட்டறைகளுக்குக் கொண்டுபோய், “அண்ணே, வண்டி மிஸ்ஸிங் ஆகுது” என்று சொன்னால் மூன்று தீர்ப்பு கிடைக்கும். ஒருவர் பிளக் மாற்றச் சொல்வார். இன்னொருவர் இன்ஜெக்டரைக் கழற்றிக் கிளீன் பண்ண வேண்டும் என்பார். மூன்றாமவர் ஸ்கேனரைச் செருகி, திரையில் வந்த எண்ணைக் காட்டி, “ஆக்சிஜன் சென்சர் போயிடுச்சு சார்” என்பார். மூவருமே பொய் சொல்லவில்லை. பழைய வண்டியில் இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். அன்றைக்கு வண்டியைத் தடுமாற வைப்பது அவற்றில் ஒன்றா, மூன்றுமா, வேறு ஏதாவதா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனாலும் கடைசியில் வண்டி சரியாகலாம். எதனால் சரியானது என்பது மட்டும் வண்டிக்காரருக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் காட்டும் எண், கோளாறு எந்த இடத்தில் உணரப்பட்டது என்பதைச் சொல்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. காதால் கேட்டே கோளாறு சொல்லும் பழைய மெக்கானிக்குகளும், ஸ்கேனர் இல்லாமல் பானெட்டைத் திறக்காத புதியவர்களும் ஆளுக்குப் பாதி விஷயத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

எப்போது மிஸ்ஸிங் என்பதே முதல் சாட்சி

பெட்ரோல் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் மூன்று காரியம் ஒழுங்காக நடக்க வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் உள்ளே வர வேண்டும், அந்தக் கலவை நன்றாக அழுத்தப்பட வேண்டும், சரியான நேரத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். மூன்றில் எது தவறினாலும் அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் வேலை செய்யாது. நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று விட்டால் கால்வாசி சக்தி போகும். மாருதி 800, ஆல்டோ 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் ஒரு சிலிண்டர் படுத்த 800, சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கோடு நம் கையையும் ஆட்டுகிறது.

எப்போது விடுகிறது என்று வண்டிக்காரர் கவனித்துச் சொன்னாலே தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும். மலையேறும்போது மட்டும் விடுகிறதா? பிளக் முனைகளுக்கு நடுவே பொறி பாய ஏறத்தாழ 10,000 முதல் 25,000 வோல்ட் வரை தேவை. பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றாலோ சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினாலோ அந்தத் தேவையும் ஏறும். சமதரையில் காலை லேசாக வைத்து ஓட்டும்போது தேய்ந்த பிளக்கும் விரிசல் விட்ட ஒயரும் சமாளித்துக்கொள்ளும். ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது அவற்றால் முடியாது. மின்சாரம் பிளக் முனையைத் தாண்டுவதை விட்டுவிட்டு, ஒயர் ரப்பரின் விரிசல் வழியாக இன்ஜின் உடம்புக்குத் தாவிவிடும். ஆகவே பாரத்தில் மட்டும் விடும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிளக், ஒயர், காயில்.

பெட்ரோல் போதாமல் போனாலும் ஏற்றத்தில்தான் தெரியும். இரண்டையும் காலிலேயே பிரித்துணரலாம். பொறி தவறினால் வண்டி வெட்டி வெட்டி ஜெர்க் அடிக்கும். ஃபில்டர் அடைத்தோ பம்ப் தளர்ந்தோ இருந்தால் பிக்கப் மெல்ல வடியும், எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. சூடான பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திடீரென அணைந்து, ஆர்.பி.எம். முள்ளும் அந்தக் கணமே பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சரையோ அதன் ஒயரையோ சந்தேகிக்கலாம். ஐட்லிங்கில் மட்டும் ஆடி, வேகமெடுத்ததும் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு, அழுக்கேறிய திராட்டில் பாடி, சரியாக மூடாத வால்வு என்று தேட வேண்டும். மழை நாளில் மட்டும் என்றால் மேலே சொன்ன ஒயர் விரிசலேதான்.

மிஸ்ஸிங் என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் சிலவற்றில் மிஸ்ஸிங்கே இருக்காது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துபோனால் ஏ.சி. போட்டதும் வண்டி முழுக்க அதிரும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் முதல் கியரில் கிளம்பும்போது உதறும். இவற்றுக்கெல்லாம் பிளக் மாற்றிக் காசு செலவழித்தவர்கள் ஏராளம்.

செக் லைட் நம் ஊருக்கு வந்த கதை

வண்டி தன் கோளாறைத் தானே சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு காற்று மாசுக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி. எனப்படும் தன்னறிதல் முறையைக் கட்டாயமாக்கியது. அப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கனெக்டர், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எண் பட்டியல். 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதும் ஓ.பி.டி. 2 வந்தது. 16 முனை கொண்ட ஒரே வகை சாக்கெட்டும், பி0300, பி0171 போன்ற பொதுவான எண்களும் அப்போதுதான் எல்லா வண்டிகளுக்கும் பொதுவாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு அது 2001-இல் கட்டாயமானது.

இந்தியாவில் கதை வேறு வேகத்தில் நடந்தது. 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோலும், புதிய கார்களுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் வந்தன. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட ஹூண்டாய் சான்ட்ரோ, இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடுதான் சந்தைக்கு வந்தது. டெல்லி வட்டாரத்தில் யூரோ விதிகளை விரைவுபடுத்தி உச்ச நீதிமன்றம் 1999-இல் உத்தரவிட்ட பிறகு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி 800-க்கும் கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. ஈ.சி.எம். என்ற மூளை காருக்குள் புகுந்தது அப்போது. அந்த மூளைக்கு மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் வெகுகாலம் வரவில்லை.

இதைப் பல பட்டறைகளே கவனிப்பதில்லை. பி.எஸ். 4 புகை விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும் வந்தது. அதோடு வந்த ஓ.பி.டி. 1, முக்கியமாக ஒயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்பதைத்தான் பார்த்தது. மிஸ்ஸிங்கையும் கன்வர்ட்டரின் திறனையும் கண்காணிக்கும் ஓ.பி.டி. 2 வந்தது 2013 ஏப்ரலில். நாடு முழுவதும் பி.எஸ். 4 ஆனது 2017 ஏப்ரலில்தான். ஆகவே 2012-இல் சென்னையில் பதிவான காரும் அதே ஆண்டு வேறு மாவட்டத்தில் பதிவான அதே மாடல் காரும் வெவ்வேறு விதிக்கு உட்பட்டவையாக இருக்கலாம். சாக்கெட் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் அறிவு வேறு.

2005 மாடல் சான்ட்ரோவில் ஒரு சிலிண்டர் முழுக்கப் படுத்துவிட்டாலும் செக் லைட் எரியாமல் இருக்கலாம். “லைட் எரியலையே, அப்புறம் என்ன கோளாறு?” என்று கேட்பது அந்த வண்டியிடம் செல்லாது. அதே வண்டியில் ஒரு சென்சரின் பிளக் கழன்றிருந்தால் லைட் உடனே எரியும். மலிவான புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கைபேசியில் ஒன்றும் வராமல் போனால் சாக்கெட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கால வண்டிகளில் பல, கம்பெனியின் சொந்த மொழியில்தான் பேசும். அதற்கான ஸ்கேனர் வேறு.

இன்னும் பழைய வண்டிகளுக்கு ஸ்கேனரே தேவையில்லை. அந்தக் கால சுசுகி இன்ஜின்களில் டயக்னாஸ்டிக் கனெக்டரின் குறிப்பிட்ட இரண்டு முனைகளைத் துண்டு ஒயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் லைட் மினுக்கத் தொடங்கும். ஒருமுறை மினுக்கி, சற்று நின்று, இரண்டு முறை மினுக்கினால் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். வேறு எண் வந்தால் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம். எந்த முனை என்று மேனுவலைப் பார்க்காமல் ஒயரைச் செருகினால் ஃப்யூஸோடு போகலாம், ஈ.சி.எம்.மோடும் போகலாம்.

ஈ.சி.எம். மிஸ்ஸிங்கை எப்படி அறிகிறது

ஓ.பி.டி. 2 வண்டியில் எந்தச் சிலிண்டர் விடுகிறது என்று சொல்லத் தனி சென்சர் எதுவும் கிடையாது. இருக்கும் கிராங்க் சென்சரை வைத்தே ஈ.சி.எம். கணக்குப் போடுகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் எரிந்து அதைத் தள்ளுகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் அரைச் சுற்றுக்கு 10 மில்லி செகண்ட். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த அரைச் சுற்று மட்டும் நூலிழை தாமதமாகும். எந்த அரைச் சுற்று என்பதை கேம் சென்சரின் துணையோடு கணக்கிட்டு, முதல் சிலிண்டரானால் பி0301, இரண்டாவதானால் பி0302 என்று எழுதிவைக்கும். குறிப்பாக ஒன்றைச் சுட்ட முடியாவிட்டால் பி0300.

இப்படிக் கணக்குப் போட்டு அறிவதால் ஏமாறவும் வாய்ப்புண்டு. குண்டும் குழியுமான சாலையில் சக்கரத்தின் அதிர்ச்சி கியர் பாக்ஸ் வழியாக கிராங்க் வரை போய் அதே போன்ற தாமதத்தை உண்டாக்கும். அதை வடிகட்டக் கம்பெனிகள் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஆனாலும் சாலையின் தன்மையைச் சொல்லாமல் “எப்போதாவது பி0300 வருது” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார்.

லைட் நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டு மினுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. ஓ.பி.டி. 2 வண்டியில் ஓடும்போது செக் லைட் மினுக்கினால், கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை, பல்லாயிரம் ரூபாய் கன்வர்ட்டரில் போய் நிற்கும். லைட் மினுக்கினால் காலைத் தளர்த்தி, ஓரம் கட்டுவதுதான் சரி.

எண் ஏமாற்றும் இடங்கள்

பட்டறைகளில் அதிகப் பணம் வீணாவது பி0171 என்ற எண்ணால்தான் என்பது என் எண்ணம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அதற்கு அர்த்தம். ஆக்சிஜன் சென்சர் சைலன்ஸர் பைப்பில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து ஈ.சி.எம்.முக்குச் சொல்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்றால் அங்கே உள்ள காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். சென்சர் அந்த ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்கிறது. ஈ.சி.எம். எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. நன்றாக எரிந்துகொண்டிருந்த மற்ற மூன்றும் இப்போது கரி கக்குகின்றன. எண்ணைப் பார்த்தவர் சென்சரை மாற்றுகிறார், வண்டி அப்படியே இருக்கிறது. அடுத்து இன்ஜெக்டர், அடுத்து பெட்ரோல் பம்ப். ஆனால் மூல காரணம் ஓர் ஒயர் விரிசல். சென்சர் உண்மையைத்தான் சொன்னது, அந்த உண்மையின் காரணத்தைத் தேடியவர்தான் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு இதே நாடகம் நடக்கும்.

இன்னொரு வழுக்கல், யூடியூபைப் பார்த்துப் பழுது பார்ப்பதில் இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களில் ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைப் பார்த்துக் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கும் வித்தை அடிக்கடி வரும். டிரிம் என்பது, தனக்குச் சொல்லப்பட்ட அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலை ஈ.சி.எம். கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு. ஐட்லிங்கில் அது ஏறி, 2500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் காற்றுக் கசிவு என்பார்கள். உள்ளே வரும் காற்றை வழியிலேயே அளக்கும் மாஃப் சென்சர் உள்ள வண்டிகளுக்கு அது அப்படியே பொருந்தும். நம் ஊர்ப் பழைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை மேப் சென்சர் வண்டிகள். அவை மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுபவை. எங்கே கசிந்து உள்ளே வந்தாலும் அந்தக் காற்று அழுத்தத்தில் தெரிந்துவிடும், ஈ.சி.எம்.மும் அதற்கேற்பப் பெட்ரோல் கொடுத்துவிடும். ஆகவே கசிவு இருந்தும் டிரிம் பெரிதாக மாறாமல், ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கலாம். ஒரு சிலிண்டரின் வாயருகே கசிந்தால் அந்த ஒன்று மட்டும் விடும். டிரிம் நன்றாக இருக்கிறது, எனவே கசிவு இல்லை என்று இந்த வண்டிகளில் முடிவு கட்டக்கூடாது. திராட்டில் பாடி சந்துகளிலும் வேக்குவம் ஹோஸ் முனைகளிலும் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சி, ஐட்லிங் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் இவற்றுக்கு நம்பகமான வழி. இன்ஜின் சூடாக இருந்தால் தீ கவனம்.

பி0420 பற்றிச் சுருக்கமாக ஒன்று. கன்வர்ட்டர் திறன் குறைந்தது என்று அந்த எண் சொல்லும். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் பழையதன் வழியிலேயே போகும்.

கையில் பார்க்கும் சோதனைகள்

பாகத்தை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மலிவான, நேர்மையான சோதனை. கே-சீரீஸ் இன்ஜின் போட்ட ஸ்விஃப்ட் போல ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உள்ள வண்டியில் பி0302 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுக் காயில் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். இரண்டாவது காயிலை முதல் சிலிண்டருக்கும், முதலாவதை இரண்டாவதுக்கும் மாற்றிப் போட்டு, எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவர வேண்டும். எண் பி0301 ஆக மாறினால் காயில்தான் காரணம், அதை மட்டும் மாற்றினால் போதும். பி0302 ஆகவே நின்றால் காயிலில் குற்றமில்லை. அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றிப் பார்க்கலாம், அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டரை. மூன்றும் இடம் மாறியும் எண் இரண்டாவது சிலிண்டரிலேயே உட்கார்ந்திருந்தால், அந்த இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரைப் பார்த்துவிட்டு கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டியதுதான்.

எண் சொல்லாத பழைய வண்டிகளுக்கும் இதற்கு ஈடான வழி உண்டு. ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. நன்றாக எரியும் சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் தடுமாறும், ஏற்கெனவே படுத்த சிலிண்டரை நிறுத்தினால் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் வராது. அந்தக் காலத்தில் அம்பாசடரிலும் பத்மினியிலும் பிளக் ஒயரையே பிடுங்கிப் பார்ப்பார்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அப்படிச் செய்தால் ஷாக் அடிப்பதோடு, போக வழியில்லாத மின்சாரம் இக்னிஷன் பாகங்களையே எரித்துவிடக்கூடும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுவதுதான் இங்கே சரியான முறை. செக் லைட் எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு நிறம் நல்லது. வறண்ட கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியோ அழுத்தமோ இல்லை. எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும். வெளியே வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கோடு தெரிந்தால் மின்சாரம் பொறியாக மாறாமல் வெளிப்புறமாக ஓடியிருக்கிறது. அப்போது பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதன் மேல் உட்காரும் ரப்பர் பூட்டின் உள்ளேயும் அதே கோடு பதிந்திருக்கும், பழைய பூட் புதுப் பிளக்கிலும் கோடு போட்டுவிடும். இடைவெளியைக் கேஜ் வைத்து அளப்பதும் அவசியம். கார்புரேட்டர் வண்டிகளில் பொதுவாக 0.7, 0.8 மி.மீ. இருக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பலவற்றில் 1.0 முதல் 1.1 வரை. என்.ஜி.கே. பிளக் எண்ணின் கடைசியில் வரும் 11 என்பது 1.1 மி.மீ.யைத்தான் குறிக்கிறது.

ஒயர் விரிசலைப் பகலில் பார்க்க முடியாது. இருட்டிய பிறகு, பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் பிளக் ஒயர்கள் மேலும் காயில் மேலும் பனித்துளி போலத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கையை மட்டும் தள்ளியே வைத்துக்கொண்டு. கெட்ட ஒயராக இருந்தால் அதன் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்னப் பொறிகள் ஓடும், அதே நொடி இன்ஜினும் தடுமாறும். எந்த ஸ்கேனரும் இவ்வளவு தெளிவாக விடை சொல்லாது.

கம்ப்ரஷன் பார்க்கும்போது ஒரு சிலிண்டரின் எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். எல்லாம் ஒன்றாகக் கொஞ்சம் குறைந்திருந்தால் வயசுக்கு அது சரி. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனையைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்திருக்கும். அங்கே மின்சாரம் தடைபட்டால் ஈ.சி.எம். சென்சர்களைத் தப்பாகப் படித்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து எண்களை ஒரே சமயத்தில் எழுதும். நாலைந்து சென்சர்கள் ஒரே நாளில் கெடாது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல நேரம் கதை முடிந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய காரணங்கள்

வெளிநாட்டு மேனுவல்களில் அதிகம் இல்லாத சில காரணங்கள் இங்கே உண்டு. முதலில் எலி. நிறுத்திவைத்த வண்டியின் இன்ஜின் சூட்டில் படுக்க வந்து இன்ஜெக்டர் ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். இரவு நன்றாக ஓடிய வண்டி காலையில் ஒரு சிலிண்டர் இல்லாமல் கிளம்பினால் ஸ்கேனருக்கு முன் டார்ச் லைட்டை எடுங்கள்.

அடுத்தது கேஸ். எல்.பி.ஜி., சி.என்.ஜி. எரிய பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை. பெட்ரோலில் ஒழுங்காக ஓடி, கேஸுக்கு மாற்றியதும் விடும் வண்டியில் பெரும்பாலும் பிளக்கும் ஒயரும்தான் பழி. ஆண்டுக்கணக்கில் கேஸில் ஓடிய வண்டியில் வால்வு சீட் தேய்ந்து, டப்பெட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போகும். ஐட்லிங்கில் விடுவது அதன் முதல் அறிகுறி. டப்பெட் செட்டிங்கைத் தள்ளிப்போட்டால் வால்வு கருகிவிடும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கிய இ20, 2025-க்குள் நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே அதே காற்றுக்கு இ20-ஐ, கலப்பில்லாத பெட்ரோலைவிட 7, 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஆக்சிஜன் சென்சர் உள்ள வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஏற்கெனவே தளர்ந்த பம்பும் பாதி அடைத்த இன்ஜெக்டரும் உள்ள வண்டியில் அந்தச் சரிசெய்யும் இடம் முன்பே தீர்ந்திருக்கும். அப்போதுதான் பி0171 வந்து நிற்கும். எத்தனால்தான் காரணம் என்று முழுப் பழியையும் அதன் மேல் போடுவது தவறு, அதற்குப் பங்கே இல்லை என்பதும் தவறு. கார்புரேட்டர் வண்டிக்கு இந்தச் சரிசெய்யும் வசதியே கிடையாது, ஜெட்டையும் ஸ்க்ரூவையும் கையால் பார்த்துத்தான் ஆக வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்திய வண்டி எடுத்ததும் எல்லாச் சிலிண்டரிலும் தடுமாறினால் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

வெள்ளத்தில் நின்ற கார்கள் தனி வகை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு கழுவித் துடைக்கப்பட்டுக் கைமாறிய வண்டிகள் பல. அவற்றில் கனெக்டருக்குள் தங்கிய ஈரம் ஆண்டுகள் கழித்துப் பச்சையாகப் பூக்கும். ஈ.சி.எம். கெட்டது என்று சொன்னால் உடனே புதுப்பேட்டையில் பழையது வாங்கிப் போடத் தோன்றும். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் ஈ.சி.எம்.மும் சாவியும் ஜோடி. வேறு வண்டியின் ஈ.சி.எம்.மை முறையாகச் சாவியோடு இணைக்காமல் போட்டால் வண்டி கிளம்பாது. என்னைக் கேட்டால், ஈ.சி.எம். மேல் சந்தேகம் வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

நம் கையிலேயே இருக்கும் ஒரு கருவியை யாரும் பார்ப்பதில்லை. அது புகைச் சான்றிதழ். அதில் எச்.சி. என்ற வரியில் இருப்பது எரியாத பெட்ரோலின் அளவு. பி.எஸ். 4 பெட்ரோல் கார்களுக்கு அதன் வரம்பு 200 பி.பி.எம்., அதற்கு முந்தைய பி.எஸ். 2, 3 வண்டிகளுக்கு 750. பாஸ் ஆனதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையுறைப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். போன முறையைவிட எச்.சி. பல மடங்கு ஏறியிருந்தால், செக் லைட் எரியாத வண்டியிலும் எங்கோ ஒரு சிலிண்டர் விடத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வண்டியைப் பார்க்காமலே சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் வாங்கியது என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வண்டியைப் பட்டறையில் விடும் முன் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். செக் லைட் எரிந்தால், எண்ணை அழிப்பதற்கோ பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதற்கோ முன், ஸ்கேனர் திரையை உங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கமும் வேண்டும். கோளாறு பதிவான நொடியில் வண்டி எந்த வேகத்தில், எத்தனை ஆர்.பி.எம்.மில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்பது அதில் இருக்கும். அழித்துவிட்டால் அது திரும்ப வராது. பாகம் மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.